முதிர்ந்த மகிழுந்து

தனியார் மகிழுந்தின் பதிவு 15 ஆண்டுகளில் முடிவடைகிறது. தகுதி ஆய்வில் தேறினால், மேலும் 5 ஆண்டுகளுக்கு அதனைப் புதுப்பிக்கலாம். புதுச்சேரியில் பழைய ஊர்தி வைத்திருக்கும் குடும்பத்தின்முன் அப்போது ஒரு வினா எழுகிறது: பழுது நீக்குவதா, கைவிடுவதா?

விடையின் ஒரு பகுதி ஊர்தியின் நீர்மங்களில் உள்ளது. எஞ்சின் எண்ணெய் அடிக்கடி குறைந்தால், அது கசிகிறது அல்லது எரிகிறது எனலாம். அதன் நிறம் பால் கலந்த தேநீர்போல் மாறியிருந்தால், குளிர்விப்பு நீர் அதனுள் கலந்திருக்கக்கூடும். இது பெருஞ்செலவின் அறிகுறி.

பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. ஈரம் மிகுந்தால் அதன் கொதிநிலை தாழும். பிரேக்கைத் தொடர்ந்து அழுத்தும்போது எழும் வெப்பத்தில் அது கொதித்து ஆவிக்குமிழிகள் தோன்றும். மிதியின் விசை குமிழிகளை அழுத்துவதிலேயே வீணாகும். சக்கரங்களை நிறுத்த இயலாது. ஆதலால், கடலோர நகரில் இவ்வெண்ணெயைக் காலந்தவறாமல் மாற்றுதல் இன்றியமையாதது.

செலவை எடைபோடுவோர், பழுதின் காரணத்தையும் அதை நீக்கியபின் ஊர்தி உழைக்கக்கூடிய காலத்தையும் ஒருசேரக் கருத வேண்டும். குளிரூட்டியின் பழுதைத் தள்ளிப்போடலாம். பிரேக்கின் பழுதைத் தள்ளிப்போடலாகாது. உப்புக்காற்று அடிச்சட்டத்தை அரித்துவிட்டதெனில், எஞ்சின் நன்றாக இயங்கினும் ஊர்தியைக் கைவிடுவதே அறிவுடைமை.