வவுச்சர் எங்கே?

காலாப்பட்டு பல்கலைக்கழகத்தில் எம்.காம். படிக்கும் தம்பி ஒருவன் போன வாரம் வந்தான். "பாஸ்டர், ஆடிட்டர் ஆகணும்னு ஆசை. ஆனா எனக்கு அந்தத் தகுதி இல்லைன்னு தோணுது" என்று கலங்கினான்.

ஆர். சிவபோகம் அம்மையாரைப் பற்றிச் சொன்னேன். 1907-ல் பிறந்தவர். விடுதலைப் போராட்டத்தில் வேலூர் சிறைக்குப் போனார். அங்கேதான் கணக்காயர் ஆகத் தீர்மானம் பண்ணினார். 1933-ல் தேறி, இந்தியாவின் முதல் பெண் கணக்காயர் ஆனார். சிறை சென்றவர்கள் கணக்காயராகப் பதிவு செய்யக்கூடாது என்று சட்டம் தடுத்தது. சோர்ந்துபோனாரா? இல்லை. நீதிமன்றம் போய் ஜெயித்தார். 1937 முதல் சென்னையில் தொழில் நடத்தினார்.

கவனியுங்கள்! தகுதி இல்லை என்று சட்டமே சொன்னதையும் அவர் அப்படியே ஒப்புக்கொள்ளவில்லை.

"தம்பி, வவுச்சர் இல்லாத செலவை ஆடிட்டர் ஏத்துக்குவாரா?"

"மாட்டார்."

"அப்போ உனக்குத் தகுதி இல்லைங்கிறதுக்கு வவுச்சர் எங்கே?"

தலைகுனிந்தான். "சி.ஏ. இன்டர்ல ஒரு தடவை ஃபெயில் ஆயிட்டேன், பாஸ்டர்."

"அது அந்தப் பரீட்சைக்குத்தான் வவுச்சர். உன் ஆயுசுக்கு இல்ல."

இருப்பாய்வு பொருந்தாவிட்டால் யாரும் பேரேட்டைக் கிழிப்பதில்லை. பதிவு பதிவாகப் பார்த்துத் தவறைக் கண்டுபிடிக்கிறோம். வாலிபனே, எந்தத் தாளில், எந்தப் பாடத்தில் மார்க் போனது? இன்றைக்கே எழுது. நாளை அங்கிருந்தே தொடங்கு.