கால்சியம் மட்டும் போதாது, கண்ணு

ஜோலார்பேட்டை

அன்புள்ள கண்ணு,

நீ போனில் அனுப்பிய டிஸ்சார்ஜ் சீட்டைப் படித்தேன். கர்ப்பப்பையை எடுத்தார்கள் என்றுதான் வீட்டில் எல்லோரும் பேசிக்கொள்கிறோம். கடைசி வரியைப் பார்: இரண்டு பக்கச் சினைப்பைகளும் போயிருக்கின்றன. 38 வயதில் அது சின்னச் சங்கதி இல்லை. ராத்திரியில் சூடு கிளம்பி வியர்த்துக் கொட்டுகிறதே, அதற்கும் இதுதான் காரணம்.

மாதவிலக்கு தானாக நிற்கும்போது ஈஸ்ட்ரோஜன் வருஷக்கணக்கில் மெல்லக் குறையும். சினைப்பையை எடுத்தால் சில நாளிலேயே விழுந்துவிடும். எலும்பு கரையாமல் அடக்கி வைத்திருந்தது அந்த ஹார்மோன்தான். முதல் சில வருஷங்களில்தான் கரைவு வேகம். வலி காட்டாது, வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தால்தான் தெரியவரும்.

உனக்குக் கால்சியம் மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். போடு, ஆனால் அது ஹார்மோனுக்கு ஈடாகாது. கிளாஸ்கோவில் ராபர்ட் லிண்ட்சே குழுவினர் சினைப்பை எடுத்த பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்துப் பார்த்து 1976இல் எழுதினார்கள்: மருந்து சாப்பிட்டவர்களுக்கு எலும்பு தேறியது, சாப்பிடாதவர்களுக்குக் கரைந்தது. நிறுத்தினால் கரைவு மறுபடி தொடங்கும் என்பதையும் பிறகு அவர்களே காட்டினார்கள்.

ஹார்மோன் போட்டால் கேன்சர் வரும் என்று கம்பெனியில் பக்கத்து மிஷின் அக்கா சொன்னாராமே. அந்தப் பயம் 2002இல் அமெரிக்காவில் வெளிவந்த பெரிய ஆய்விலிருந்து கிளம்பியது. அதில் சேர்ந்தவர்கள் 50 முதல் 79 வயதுக்காரர்கள். கர்ப்பப்பை இருந்ததால் இரண்டு ஹார்மோன் சேர்த்துக் கொடுத்தார்கள். கர்ப்பப்பை இல்லாதவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்த பிரிவின் முடிவு 2004இல் வந்தது. மார்பகப் புற்றுநோய் கூடவில்லை, இடுப்பெலும்பு முறிவு குறைந்தது. பக்கவாதம் கொஞ்சம் கூடியது. அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். ஆனால் உன் வயதில் கணக்கே வேறு. உடம்பு தானே சுரந்திருக்க வேண்டியதை, இயல்பாக நிற்கும் வயதுவரை, அதாவது ஐம்பதை ஒட்டி, வெளியிலிருந்து கொடுக்கிறார்கள். மார்பகப் புற்றுநோயோ ரத்தக்கட்டோ ஈரல் நோயோ வந்தவர்களுக்குப் பெரும்பாலும் கொடுக்க மாட்டார்கள். அவர்களுக்கு எலும்புக்கு அலென்ட்ரோனேட் போன்ற வேறு மருந்துகள் இருக்கின்றன.

எலும்பை இரும்பாக்கும் என்று யாராவது பவுடர் விற்றால் வாங்காதே. பக்கத்துக் கிருஷ்ணகிரி, தர்மபுரியில் போர் தண்ணீர் குடித்துப் பல் பழுப்பேறியவர்களைப் பார்த்திருக்கிறாய். அதற்குக் காரணமான ஃப்ளோரைடையே ஒரு காலத்தில் எலும்பு மருந்தாகக் கொடுத்தார்கள். அமெரிக்காவில் சோதித்த முடிவு 1990இல் வந்தது: முதுகெலும்பின் அடர்த்தி 35 சதவீதம் ஏறியும் அங்கே முறிவு சொல்லும்படி குறையவில்லை, மற்ற எலும்புகளில் முறிவு அதிகமானது. ஸ்கேனில் கெட்டியாகத் தெரிவதெல்லாம் உறுதி இல்லை.

சாப்பாட்டைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம்; உனக்கு ஒரு நாளைக்கு 1000 முதல் 1200 வரை வேண்டும். கால்சியம் கார்பனேட் மாத்திரையைச் சாப்பாட்டோடு போடு, இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்க்காதே. என் கவலை வெயில்தான். விடிவதற்குள் கம்பெனி பஸ், நாள் பூரா கூரைக்குள் ஷூ அப்பர் தையல், திரும்பும்போது இருட்டு. வைட்டமின் டி அளவைப் பார்க்கச் சொல்.

லீவு போட்டுக் காட்பாடிக்கு ரயில் ஏறு. வேலூர் சி.எம்.சி.யில் நாளமில்லாச் சுரப்பிப் பிரிவு இருக்கிறது, எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேனும் எடுப்பார்கள். டிஸ்சார்ஜ் சீட்டும் பயாப்சி ரிப்போர்ட்டும் கையில் இருக்கட்டும். எதற்காக எடுத்தார்கள் என்பதைப் பார்த்துத்தான் ஹார்மோனை முடிவு செய்வார்கள். “எனக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுக்கலாமா, கூடாதென்றால் ஏன்?” என்று நீயே வாய்திறந்து கேள். துணைக்கு ஆள் வேண்டுமானால் சொல், நான் வருகிறேன்.

உன் அத்தை