பிறஷர்: நோகாத நோய்

"எனக்கு இப்ப ஒண்டும் செய்யேல்லை சுவாமி, அதுதான் குளிசையை விட்டிட்டன்." இடம்பெயர்ந்து உறவினர் வளவில் கொட்டில் போட்டிருந்த ஒரு கமக்காரர் என்னிடம் சொன்னது இது. மூன்று மாதம் செல்ல, ஒரு விடியற்காலை அவரது வலது கையும் காலும் இழுத்துவிட்டன. பாரிசவாதம்.

தலையிடித்தால்தான் பிறஷர் என்று பலர் நினைக்கின்றனர். அநேகருக்குத் தலையிடியும் இல்லை, தலைச்சுற்றும் இல்லை. அளந்து பார்த்தால் மட்டுமே தெரியும்.

தோட்டம் இறைத்தவர்களுக்கு இது விளங்கும். மெசின் ஓடும்போது குழாயின் வாயை நெரித்தால் உள்ளே அமுக்கம் ஏறும். குழாய் புடைக்கும், மெசின் திணறும். இதயம் மெசின், நாடிகள் குழாய். வருடக்கணக்கில் இப்படி ஓடினால் இதயம் களைக்கும், மூளையின் நாடி அடைபடும் அல்லது வெடிக்கும், சிறுநீரகமும் பழுதாகும்.

வெவ்வேறு நாட்களில் அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேல் நின்றால் அது உயர் குருதியமுக்கம். நடந்து வந்த களையோடு அளக்கக் கொடுக்காதீர்கள். 5 நிமிடம் இருந்து ஆறுங்கள்.

உப்பு ஒருவருக்கு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது மட்டமான ஒரு தேக்கரண்டிக்குள் இருக்கவேண்டும். மரக்கறி வைக்க நிலமில்லாத வீட்டில் கருவாடுதான் கறி என்பதை அறிவேன். அதை விடச் சொல்லமாட்டேன். ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, கறிக்கு வேறு உப்புப் போடாமல் சமையுங்கள். சாராயமும் அமுக்கத்தை ஏற்றும்; கவலைக்கு அது மருந்தல்ல.

குளிசை நோயை வேரோடு பிடுங்குவதில்லை, அடக்கி வைக்கின்றது. விட்டால் அமுக்கம் திரும்பவும் ஏறும். சில குளிசைகளால் வறட்டு இருமல் வரலாம், சிலவற்றால் கால் வீங்கலாம். நீங்களாக நிறுத்தாமல் டொக்டரிடம் சொன்னால் வேறொன்று தருவார். அயலவரின் குளிசையைக் கடன் வாங்கிப் போடுவதும் ஆபத்து.

கிளினிக் கொப்பியையும் குளிசைப் பெயர் எழுதிய கடதாசி உறையையும் அடையாள அட்டையோடு ஒரே பொலித்தீன் பையில் வையுங்கள். மறுபடியும் எழும்பிப் போக நேர்ந்தால், போன இடத்து அரசாங்க ஆஸ்பத்திரியில் அதைக் காட்டினால் தொடர்ந்து மருந்து எடுப்பது சுலபம். அங்கே காசும் கேட்கமாட்டார்கள்.

வாய் கோணினால், ஒரு கை தூக்க முடியாமற் போனால், பேச்சுக் குழறினால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கள். நாடியை அடைத்த கட்டியைக் கரைக்கும் ஊசியை முதல் நாலரை மணித்தியாலத்துக்குள்தான் போடலாம். அந்த ஐயாவை மத்தியானம் வரை எண்ணெய் பூசி வைத்திருந்தார்கள்.