காமிக்ஸ் எழுதுறவங்க நாவல் எழுதினா?

டி-ஷர்ட்டிலோ ஹாஸ்டல் சுவரிலோ அந்தச் சிரிக்கும் வெள்ளை முகமூடியைப் பார்த்திருப்பீங்க. 'வி ஃபார் வெண்டெட்டா' காமிக்ஸில் இருந்து வந்த முகம் அது. வரைந்தவர் டேவிட் லாயிட், கதை எழுதியவர் ஆலன் மூர். 'வாட்ச்மென்' கதையும் மூருடையதுதான். இதே மனிதர் படமே இல்லாத நாவல்களும் எழுதியிருக்கார். ஓவியர் பக்கத்தில் இல்லாதபோது காமிக்ஸ் எழுத்தாளர் என்ன செய்கிறார்? அதைத்தான் இப்போ பார்க்கப் போறோம்.

1. காமிக்ஸ் எழுத்தாளரின் வேலை

பலூனுக்குள் வரும் வசனம் மட்டும்தான் அவர் வேலைன்னு நினைச்சுடாதீங்க. பக்கத்துக்கு எத்தனை கட்டம், யார் எங்கே நிற்கிறார், வெளிச்சம் எந்தப் பக்கம் என்பதையெல்லாம் எழுதித் தருகிறவர்கள் உண்டு. மூர் இதில் பேர்போனவர். ஒரே கட்டத்தை விவரிக்கப் பத்தி பத்தியாக எழுதுவார். நம்ம பாஷையில் அது ஒரு டிசைன் ஸ்பெசிஃபிகேஷன். அதைப் படிப்பவர் ஓவியர். நம்ம கைக்கு வருவது படமும் வசனமும் மட்டும்தான்.

நாவலில் அந்த நடுவாள் கிடையாது. படத்தில் மழை, தெரு, முகம் மூன்றும் ஒரே பார்வையில் கண்ணில் படும். வாக்கியத்தில் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வரும். எதை முதலில் சொல்வது, எதை மறைப்பது என்பதுதான் இங்கே கலை.

2. மூரின் இரண்டு நாவல்கள்

'வாய்ஸ் ஆஃப் தி ஃபயர்' 1996-இல் வந்தது. 12 அத்தியாயங்கள், ஒவ்வொன்றிலும் வேறு ஆள் பேசுகிறார். எல்லாமே மூரின் சொந்த ஊரான நார்தாம்ப்டனைச் சுற்றி, கி.மு. 4000 முதல் கி.பி. 1995 வரை நடக்கிறது. முதல் அத்தியாயத்தில் பேசுவது ஒரு கற்காலப் பையன். அவனிடம் இருப்பது கொஞ்சம் வார்த்தைதான். கனவு எது, நிஜம் எதுன்னு பிரிக்கவும் தெரியாது. ஓவியர் இருந்திருந்தால் அந்தக் காட்டை ஒரே கட்டத்தில் காட்டியிருப்பார். இங்கே அவனுடைய உடைந்த வாக்கியங்கள் வழியாகத்தான் நாம காட்டைப் பார்க்கணும். முதல் சில பக்கங்கள் தலை சுற்றும், விட்டுடாதீங்க.

'ஜெருசலேம்' 2016-இல் வந்தது, 1,200 பக்கங்களுக்கு மேல். மூர் வளர்ந்த ஏழைப் பகுதிதான் களம். தொண்டையில் மிட்டாய் சிக்கி மூன்று வயதுக் குழந்தை மூச்சில்லாமல் கிடக்கும் சில நிமிடங்களுக்குள் நாவலின் நடுப்பாகம் முழுக்க நடக்கிறது. சில இடங்களில் வர்ணனை அளவுக்கு மீறுது என்பதும் உண்மை. ஓவியருக்கு எழுதிக் கொடுத்த பழக்கம் லேசில் போகாது போல.

3. மைக் கேரி போன வழி

'லூசிஃபர்' காமிக்ஸ் எழுதிய மைக் கேரி, 2014-இல் 'தி கேர்ள் வித் ஆல் தி கிஃப்ட்ஸ்' நாவலைத் தந்தார். மெலனி என்ற பத்து வயதுச் சிறுமியைச் சக்கர நாற்காலியில் கட்டி, ராணுவ வீரர்கள் வகுப்புக்குக் கொண்டுபோகிறார்கள். ஏன் கட்டுகிறார்கள்ன்னு அவளுக்குத் தெரியாது. அவளுக்கு முன்னாடியே நமக்குச் சந்தேகம் வந்துடும். காமிக்ஸா இருந்தா, படமே குட்டை உடைச்சிருக்கும். படம் இல்லாததையே கேரி பலமாக்கிக்கொண்டார்.

4. யாருக்குச் சொந்தம்?

'வாட்ச்மென்' புத்தகம் அச்சில் இல்லாமல் போனால் உரிமை மூருக்கும் ஓவியர் டேவ் கிப்பன்ஸுக்கும் திரும்பும் என்பது ஒப்பந்தம். புத்தகம் விற்றுக்கொண்டே இருந்தது, உரிமை திரும்பவே இல்லை. வெற்றிதான் அவங்க கையைக் கட்டிப்போட்டது. ப்ராஜெக்ட், இன்டர்ன்ஷிப் தாள்களில் கையெழுத்துப் போடும் நாமும் இதை ஞாபகம் வெச்சுக்கணும்.

5. செய்து பாருங்க

பிடிச்ச காமிக்ஸில் வசனமே இல்லாத ஒரு பக்கத்தை எடுங்க. முதலில் ஓவியருக்குச் சொல்வதுபோல் கட்டம் கட்டமாக எழுதுங்க. பிறகு அதே காட்சியை, கதைக்குள் நிற்கும் ஒருத்தர் கண் வழியாக ஐந்தே வாக்கியத்தில் எழுதுங்க. முதலாவதில் இருந்து எதையெல்லாம் வெட்டினீங்கன்னு பாருங்க. ஒரு நாவலாசிரியர் தினமும் செய்வது அந்த வெட்டும் வேலைதான்.