வரிசையின் கடைசியில் நிற்கும் குழந்தை: உடற்கல்வி கற்பித்தல் பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

உடற்கல்வி என்பது உடல் அசைவின் வழியாகத் திறன், அறிவு, நற்பழக்கம் ஆகிய மூன்றையும் குழந்தைக்குக் கற்றுத்தரும் பாடமாகும். விளையாட்டு அப்பாடத்தின் முதன்மையான கருவி. இதனைக் கற்பிப்பதற்கென்று ஆசிரியர்களை முறையாகப் பயிற்றுவிக்கும் மரபு தமிழ்நாட்டுக்குப் புதிதன்று; ஹாரி குரோ பக் 1920-இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி நூற்றாண்டைக் கடந்துவிட்டது. ஆயினும் பள்ளி மைதானத்தில் எதை, எப்படிக் கற்பிப்பது என்பது பற்றி ஆசிரியரும் பெற்றோரும் வழிவழியாக நம்பிவரும் சில கருத்துகள், ஆராய்ந்து பார்க்கப்படாமலேயே இன்றும் நடைமுறையை ஆண்டுவருகின்றன. அவற்றைச் சீர்தூக்கிப் பார்க்க ஓர் எளிய அளவுகோல் உண்டு: பாடவேளை முடியும்போது, வகுப்பிலேயே மிகவும் தயங்கி நிற்கும் குழந்தைக்கு எத்தனை மெய்யான முயற்சிகள் கிடைத்திருக்கின்றன என்பதே அது.

நம்பிக்கை 1: பந்தைக் கொடுத்து விட்டுவிட்டால் பிள்ளைகள் தாமாகவே கற்றுக்கொள்வார்கள்.

உண்மை: பந்து கிடைக்கும் பிள்ளைகள் ஓரளவு கற்றுக்கொள்கிறார்கள் என்பது சரியே, ஆனால் நாற்பது பேருக்கு ஒரு பந்து என்ற நிலையில் அது எல்லாருக்கும் கிடைப்பதில்லை. இருபது பேர் கொண்ட இரண்டு அணிகளாகப் பிரிந்து கால்பந்து ஆடும்போது, ஏற்கெனவே ஆடத் தெரிந்த சிலரையே பந்து சுற்றிவருகிறது; மற்றவர்கள் அதன் பின்னால் ஓடுகிறார்கள், அல்லது கோட்டோரம் ஒதுங்கிவிடுகிறார்கள். வரிசையில் நிற்கவைத்துப் பயிற்சி தந்தாலும் நிலைமை பெரிதாக மாறுவதில்லை. ஒருவர் பந்தை எறிந்து முடிக்க 15 விநாடி ஆகும் என்று கொண்டால், நாற்பது பேர் நிற்கும் ஒரே வரிசையில் ஒரு சுற்று முடிய 10 நிமிடம் பிடிக்கும். அரை மணி நேரத்தில் ஒரு குழந்தைக்குக் கிடைப்பவை மூன்று முயற்சிகள் மட்டுமே. அதே வகுப்பை நால்வர் நால்வராகப் பத்துக் குழுக்களாகப் பிரித்தால், அதே அரை மணி நேரத்தில் ஒவ்வொருவருக்கும் முப்பது முயற்சிகள் கிடைக்கின்றன. பத்துப் பந்துகள் இல்லையென்றால் துணிப்பந்து, பழைய டென்னிஸ் பந்து, வளையம் ஆகியவற்றைக் கொண்டு குழுக்களை நிலையத்துக்கு நிலையம் சுழலவிடலாம். ஆகவே குழுவின் அளவைத் தீர்மானிப்பதே கற்பித்தலின் முதல் முடிவு எனலாம்.

நம்பிக்கை 2: நுட்பம் முழுமையாகப் படிந்த பிறகே ஆட்டத்தில் இறங்க வேண்டும்.

உண்மை: நுட்பம் என்பது பந்தை எறியும், அடிக்கும், பிடிக்கும் உடற்செயல், உத்தி என்பது அதை எப்போது, எங்கே, எதற்காகச் செய்வது என்ற முடிவு. ஆட்டத்தில் இவ்விரண்டும் பிரிந்து நிற்பதில்லை. இங்கிலாந்தின் லஃபரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பங்கர், ராட் தார்ப் ஆகிய இருவரும் 1982-இல் முன்வைத்த 'புரிந்துகொள்வதற்காக விளையாட்டுகளைக் கற்பித்தல்' என்ற அணுகுமுறை, வழக்கமான வரிசையைத் தலைகீழாக்கியது. அதன்படி, குழந்தைகளின் வயதுக்கேற்ப எளிமையாக்கப்பட்ட ஓர் ஆட்டத்தில் வகுப்பு தொடங்குகிறது. ஆட்டத்தில் எழும் சிக்கலை ஆசிரியர் கேள்வியாக்குகிறார். அச்சிக்கலைத் தீர்க்க ஒரு நுட்பம் தேவை என்று குழந்தைகள் உணர்ந்த பின்னரே அந்த நுட்பம் கற்பிக்கப்படுகிறது. பிறகு அவர்கள் மீண்டும் ஆட்டத்துக்குத் திரும்புகிறார்கள்.

கபடியில் இதைத் தெளிவாகக் காணலாம். அணிக்கு ஏழு பேர் ஆடும் முழு ஆட்டத்துக்குப் பதிலாக, சிறிய களத்தில் மூவருக்கு மூவர் என்று ஆடவைத்தால், பாடிச் செல்லும் முறை ஒவ்வொரு குழந்தைக்கும் விரைவில் வந்துவிடுகிறது. பாடிச் செல்பவர் இடது மூலையை நோக்கி நகரும்போது வலது மூலையில் நிற்பவர் என்ன செய்ய வேண்டும் என்று ஆட்டத்தை நிறுத்திக் கேட்டால், சிலர் அசையாமல் நிற்கலாம் என்பார்கள், சிலர் ஓடிப்போய்ப் பிடிக்கலாம் என்பார்கள். இரண்டையும் ஆடிப் பார்த்த பிறகு, முன்னேறி வழியை அடைக்க வேண்டும் என்பதும், அதற்குப் பக்கத்தில் நிற்பவரின் கையைக் கோத்துக்கொள்வது உதவும் என்பதும் அவர்களுக்கே புலப்படும். கணுக்காலைப் பிடிக்கும் முறையை அதன் பின்னர்க் கற்பிக்கும்போது, அது எதற்காக என்பது அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. இதனால் நுட்பப் பயிற்சியே வேண்டாம் என்று பொருளாகாது. ஈட்டி எறிதல், நீச்சல், ஜிம்னாஸ்டிக்ஸ் போன்று பிழை நேர்ந்தால் உடலுக்கு ஊறு விளையக்கூடியவற்றில், ஆசிரியர் சொற்படி படிப்படியாகச் செல்லும் முறையே பொருத்தமானது.

நம்பிக்கை 3: ஒரே அசைவை நூறுமுறை திரும்பத் திரும்பச் செய்தால்தான் அது மனத்தில் பதியும்.

உண்மை: பயிற்சி வேளையில் நன்றாகச் செய்வதும், சில நாள் கழித்தும் அத்திறன் நிலைத்திருப்பதும் வெவ்வேறானவை. 1986-இல் குட், மேகில் ஆகிய ஆய்வாளர்கள், பேட்மின்டனில் புதிதாகப் பழகத் தொடங்கிய பெண்களுக்கு மூன்று வகை சர்வீஸ்களைக் கற்பித்தார்கள். ஒரு பிரிவினர் ஒருவகையை முடித்த பிறகே அடுத்த வகைக்குச் சென்றார்கள். இன்னொரு பிரிவினர் மூன்றையும் முன்பின்னாகக் கலந்து பழகினார்கள். பயிற்சி முடிந்த பின் நடந்த சோதனையிலும், பழகியிராத மறுபக்கத்திலிருந்து சர்வீஸ் போடவைத்த சோதனையிலும், கலந்து பழகியவர்களே சிறந்து விளங்கினார்கள். ஒவ்வொரு முறையும் அசைவைப் புதிதாக நினைவுகூர்ந்து திட்டமிட வேண்டியிருப்பதால் அது ஆழமாகப் பதிகிறது என்று இதற்கு விளக்கம் தரப்படுகிறது. இதைச் 'சூழல் இடையீடு' என்று குறிப்பிடலாம்.

கெர், பூத் ஆகியோர் 1978-இல் வெளியிட்ட ஆய்வும் இதனோடு ஒத்துப்போகிறது. எட்டு வயதுக் குழந்தைகள் சிறு துணிப்பையை இலக்கை நோக்கி எறிந்தபோது, 2 அடி, 4 அடி ஆகிய இரண்டு தொலைவுகளிலும் மாறிமாறிப் பழகியவர்கள், தாங்கள் பழகியேயிராத 3 அடித் தொலைவில், அந்த 3 அடியிலேயே பழகியவர்களைவிடத் துல்லியமாக எறிந்தார்கள். ஆனாலும், ஓர் அசைவின் வடிவமே இன்னும் பிடிபடாத தொடக்கநிலைக் குழந்தையைப் பல வகைகளால் திணறடிப்பது பயன் தராது. அடிப்படை ஓரளவு கைவந்ததும் தொலைவையும் திசையையும் வேகத்தையும் மாற்றிக்கொண்டே போவதுதான் பொருத்தமான வழி.

நம்பிக்கை 4: எல்லாருக்கும் ஒரே அளவு வைப்பதுதான் நியாயம்.

உண்மை: மஸ்கா மோஸ்டன் 1966-இல் வெளியிட்ட உடற்கல்வி கற்பித்தல் நூலில், ஆசிரியரே எல்லா முடிவுகளையும் எடுக்கும் கட்டளை முறையில் தொடங்கி, முடிவுகள் படிப்படியாக மாணவர் கைக்கு மாறும் முறைகள் வரை கற்பித்தல் பாணிகளை ஒரு நிறமாலைபோல் அடுக்கிக் காட்டினார். அவர் சொன்ன சாய்ந்த கயிறு என்ற எடுத்துக்காட்டு மிகவும் எளிமையானது. இரண்டு பேர் ஒரு கயிற்றைச் சமமான உயரத்தில் பிடிக்க, குழந்தைகள் ஒருவர்பின் ஒருவராகத் தாண்டுகிறார்கள். கயிறு உயர உயர, தாண்ட முடியாதவர்கள் விலக்கப்படுகிறார்கள். முதலில் விலக்கப்படும் குழந்தைக்குத்தான் பயிற்சி மிகவும் தேவை. ஆனால் மிகக் குறைவாகப் பயிற்சி பெறுவதும் அக்குழந்தையே. இப்போது கயிற்றின் ஒரு முனையைத் தரையிலும் மறுமுனையை மார்பளவிலும் பிடித்தால், ஒவ்வொரு குழந்தையும் தன்னால் இயன்ற இடத்தைத் தானே தேர்ந்து தாண்டுகிறது, ஒருவரும் வெளியேறுவதில்லை, நன்றாகத் தாண்டுபவருக்கும் அறைகூவல் குறைவதில்லை. தோற்றவர் ஆட்டத்தைவிட்டு விலகும் எல்லா விளையாட்டுகளுக்கும் இந்தக் கருத்து பொருந்தும். வெளியேறியவர் ஒரு சிறு செயலைச் செய்து முடித்து உடனே உள்ளே திரும்பலாம் என்று விதியை மாற்றினாலே போதும்.

நம்பிக்கை 5: விளையும் பயிர் முளையிலே தெரிந்துவிடும், ஆறாம் வகுப்பிலேயே அணியைப் பொறுக்கி எடுத்துவிடலாம்.

உண்மை: அந்த வயதில் கண்ணுக்குத் தெரிவது பல வேளைகளில் திறமையன்று, உடல் முதிர்ச்சியே. கனடாவின் ஐஸ் ஹாக்கி வீரர்களின் பிறந்த மாதங்களை ஆராய்ந்து பார்ன்ஸ்லியும் அவருடன் பணியாற்றியோரும் 1985-இல் வெளியிட்ட ஆய்வில், ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் மிகுதியாகவும், கடைசி மாதங்களில் பிறந்தவர்கள் குறைவாகவும் இருப்பது தெரியவந்தது. வயதுக் கணக்கு ஜனவரி 1-இல் தொடங்கியதால், ஜனவரியில் பிறந்த சிறுவன் டிசம்பரில் பிறந்தவனைவிட ஏறத்தாழ ஓராண்டு மூத்தவனாக, உயரமும் வலுவும் கூடியவனாக இருந்தான். அதனால் தேர்வு பெற்றான். தேர்வு பெற்றதால் கூடுதல் பயிற்சியும் பெற்றான். பூப்பெய்தும் வயதில் வளர்ச்சியின் வேகமும் ஆளுக்கு ஆள் மாறுபடுவதால் இந்த இடைவெளி இன்னும் அகலமாகிறது. எனவே பள்ளி அணியைத் தேர்ந்தெடுப்பதும் பாடவேளையில் கற்பிப்பதும் வெவ்வேறு பணிகள் என்று பிரித்துணர்வது அவசியம். அணியில் இல்லாத குழந்தையை ஐந்து ஆண்டுகள் பார்வையாளராக உட்காரவைப்பதற்கு எந்தக் கல்விக் காரணமும் இல்லை.

நம்பிக்கை 6: தவறு செய்தால் மைதானத்தை நாலு சுற்றுச் சுற்றவைப்பது ஒழுக்கத்துக்கும் உடலுக்கும் நல்லது.

உண்மை: தமிழ்ப் பாடத்தில் தவறு செய்தவருக்குத் தமிழ்ப் பாட்டு ஒன்றைப் படிப்பதே தண்டனை என்றால், அந்த மொழியின்மீது அவருக்கு எத்தகைய எண்ணம் உண்டாகும் என்று எண்ணிப்பார்த்தால் இதன் பிழை விளங்கும். வாழ்நாள் முழுதும் விரும்பி ஓட வேண்டிய ஒருவருக்கு ஓட்டத்தையே இழிவின் அடையாளமாக்குவது, பாடத்தின் நோக்கத்தையே முறியடிக்கிறது. உடலை வருத்தும் தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் கல்வி உரிமைச் சட்டம், 2009, பிரிவு 17-இன்கீழ்த் தடைசெய்கிறது என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

நம்பிக்கை 7: விளையாட்டு நேரம் மதிப்பெண்ணைக் குறைக்கும், பொதுத்தேர்வு ஆண்டில் அதைக் கணக்குப் பாடத்துக்குக் கொடுத்துவிடலாம்.

உண்மை: கனடாவின் கியூபெக் மாகாணத்திலுள்ள ட்ருவா-ரிவியேர் பகுதியில் 1970-களில் நடந்த நீண்டகால ஆய்வில், தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்கு நாள்தோறும் ஒரு மணி நேரம் உடற்கல்வி கூட்டப்பட்டது, மற்றப் பாடங்களுக்கான நேரம் அந்த அளவுக்குக் குறைந்தும், அவர்களுடைய படிப்பு பின்தங்கவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 5 முதல் 17 வயது வரையிலானவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமேனும் மிதமான அல்லது தீவிரமான உடலியக்கம் தேவை. வாரத்துக்கு இரண்டு பாடவேளை மட்டுமே உள்ள பள்ளியில் அவற்றையும் எடுத்துக்கொள்வது, பல குழந்தைகளுக்கு ஆசிரியரின் துணையோடு கிடைக்கும் ஒரே இயக்க நேரத்தைப் பறிப்பதாகும்.

இந்த ஏழு நம்பிக்கைகளும் பொதுவாகச் செய்வது ஒன்றுதான்: ஏற்கெனவே வல்லவராக உள்ளவருக்கு மேலும் வாய்ப்பைத் தந்து, தயங்கி நிற்பவரை ஓரத்துக்குத் தள்ளுகின்றன. இதை மாற்றும் பணியை உடற்கல்வி ஆசிரியர் புதிய கருவிக்கோ நிதிக்கோ காத்திராமல் அடுத்த பாடவேளையிலேயே தொடங்க முடியும். வகுப்பில் மிகவும் ஒதுங்கி நிற்கும் ஒரு குழந்தையை மனத்தில் குறித்துக்கொண்டு, அக்குழந்தையின் கைக்கோ காலுக்கோ பந்து எத்தனை முறை வந்தது என்று அந்தக் குழந்தை அறியாதவாறு எண்ணிப் பார்க்கலாம். அந்த எண்ணிக்கை மூன்று என்றால், குழுவைச் சிறிதாக்குவதா, விதியை மாற்றுவதா, கயிற்றைச் சாய்ப்பதா என்று முடிவுசெய்ய அதுவே போதுமான சான்றாகும். அடுத்த வாரம் அந்த எண்ணிக்கை முப்பதை நெருங்கினால், அந்தக் குழந்தைக்கும் அது பாடவேளை ஆகிவிட்டது என்று பொருள்.