தாராவியிலிருந்து கன்ஹேரிக்கு: ஒரு பகல் காட்டு நடை

தாராவியை ஒட்டி ஓடும் மித்தி ஆற்றை நம்மில் பெரும்பாலோர் மூக்கைப் பொத்திக்கொண்டே கடந்திருக்கிறோம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது, அந்த ஆறு வீடு வீடாக ஏறி வந்ததை மறந்தவர்களும் இங்கே இல்லை. விஹார் ஏரியும் பவாய் ஏரியும் நிரம்பி வழியும் நீர்தான் மித்தி. சுமார் 18 கிலோமீட்டர் ஓடி மாஹிம் கழிமுகத்தில் கலக்கிறது. 1860-இல் கட்டி முடிக்கப்பட்டு, பம்பாய்க்கு முதன்முதலில் குழாய்த் தண்ணீர் கொடுத்த விஹார் ஏரிக்கு நீர் சேர்ப்பது சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் காடு. 100 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரப்புள்ள அந்தக் காடு, நம் வீட்டிலிருந்து லோக்கல் ரயிலில் எட்டிவிடும் தூரத்தில் இருக்கிறது. பள்ளிச் சுற்றுலாவில் வாசலை ஒட்டிய பூங்காவையும் படகுக் குளத்தையும் மட்டும் பார்த்துத் திரும்பியவர்கள், இந்த முறை உள்ளே நடந்து கன்ஹேரி குகைகள் வரை போய் வர வேண்டும். அதற்கான வழி இது.

முதலில் நாளைத் தேர்ந்தெடுங்கள். திங்கட்கிழமை பூங்காவுக்கு விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நெரியும். போதாக்குறைக்கு ரயிலில் பராமரிப்பு வேலைக்கான மெகா பிளாக் வேறு. வேலைநாளில் ஒரு விடுப்புப் போட முடிந்தால் அதுவே சிறந்தது. முடியாவிட்டால் சனிக்கிழமை அதிகாலை. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நடைக்கு ஏற்ற காலம். பிப்ரவரி கடைசியில் இலையெல்லாம் உதிர்ந்து, முள்ளிலவும் புரசும் மட்டும் சிவந்து நிற்கும். கண்ணுக்கு அதுவே என் முதல் தேர்வு. மழைக்காலத்தில் காடு பச்சையாகப் பொங்கும். ஆனால் கன்ஹேரியின் பாறைப் படிகளில் பாசி பிடித்து வழுக்கும், மூங்கில் விரியன் போன்ற பாம்புகளும் வெளியே திரியும். சிறு பிள்ளைகளோடு போவதாக இருந்தால் மழைக்காலத்தைத் தவிர்த்துவிடுங்கள். ஏப்ரல், மே வெயிலில் அந்தக் கருங்கல் மலை கொதிக்கும், எவருக்கும் வேண்டாம்.

இனி ரயில். பூங்காவுக்கு இறங்க வேண்டிய இடம் போரிவலி. தாராவிக்காரர்களுக்கு மாஹிம், மாட்டுங்காவில் இருப்பவர்களுக்கு மாட்டுங்கா ரோடு. இரண்டிலும் ஸ்லோ வண்டிதான் நிற்கும், போரிவலி ஸ்லோவில் ஏறி உட்கார்ந்துவிட்டால் மாற வேண்டியதில்லை. சயான் பக்கம் வசிப்பவர்கள் தாதர் போய் அங்கே வெஸ்டர்ன் லைனுக்கு மாறினால் ஃபாஸ்ட் வண்டி கிடைக்கும். செம்பூரிலிருந்து வருபவர்களுக்கு இரண்டு வழி உண்டு: குர்லாவில் மாறி தாதர், அங்கிருந்து போரிவலி, அல்லது வடாலா ரோடு போய், ஹார்பர் லைனில் கோரேகான் வரை செல்லும் வண்டியைப் பிடித்து, அங்கிருந்து போரிவலி. குழந்தைகளும் பெரியவர்களும் உடன் இருந்தால் இரண்டாவதைச் சொல்வேன். தாதர் பாலத்து நெரிசலில் கைப்பிள்ளையோடு மாட்டிக்கொள்ள வேண்டாம். காலையில் ஊரே தெற்கு நோக்கி வேலைக்குப் போகிறது, நாம் வடக்கே போகிறோம். அதனால் இடம் கிடைக்கும். ஏழு மணிக்குள் வண்டியில் இருங்கள்.

போரிவலியில் கிழக்குப் பக்கம் இறங்கி, நெடுஞ்சாலை நோக்கி நடந்தால் கால் மணி நேரத்துக்குள் பூங்காவின் பெரிய வாசல் வந்துவிடும். ஆட்டோவும் உண்டு. வாசலில் நுழைவுச் சீட்டு வாங்க வேண்டும். கன்ஹேரிக்குத் தொல்லியல் துறையின் சீட்டு தனி. அதை மேலே குகை வாசலில் வாங்கிக்கொள்ளலாம். பையில் பிளாஸ்டிக் பை, சாராயம், சிகரெட் எதுவும் வைக்காதீர்கள்.

தண்ணீரைப் பற்றிக் கறாராகச் சொல்கிறேன்: ஆளுக்கு இரண்டு லிட்டர், கழுவித் திரும்பப் பயன்படுத்தும் பாட்டிலில். சாப்பாட்டை எவர்சில்வர் டிபன் பாக்ஸில், இறுக்க மூடிய பைக்குள் வையுங்கள். கையில் தொங்கும் பையையும் பிஸ்கட் பாக்கெட்டையும் குரங்குகள் நொடியில் பிடுங்கும். பிடுங்கினால் விட்டுவிடுங்கள், இழுபறி வேண்டாம்; கடிபட்டால் அன்றே மருத்துவமனை, வெறிநோய் ஊசி என்று அலைய வேண்டியிருக்கும். இரக்கப்பட்டு வாழைப்பழம் கொடுப்பவர்கள்தான் அந்தக் குரங்குகளை இப்படிப் பழக்கியவர்கள். பிடிமானமுள்ள ஷூ, தொப்பி, முழுக்கால் உடை போதும். செருப்பு வேண்டாம்.

வாசலிலிருந்து கன்ஹேரி வரை ஆறு கிலோமீட்டருக்குக் குறையாது. தார்ச்சாலைதான், நிதானமாக நடந்தால் இரண்டு மணி நேரம். முதல் ஒரு கிலோமீட்டரில் நடைப்பயிற்சிக்காரர்கள் கலகலவென்று இருப்பார்கள். படகுக் குளத்தில் நிற்பது தஹிசர் ஆற்றுத் தண்ணீர். துளசி ஏரியிலிருந்து வரும் அந்த ஆறு மித்திக்கு உறவுதான், ஆனால் வேறு திசையில் ஓடிக் கடலைச் சேர்கிறது. அதைத் தாண்டியதும் சத்தம் அடங்கும். நடக்க முடியாதவர்கள் பூங்கா வண்டியில் மேலே போய், இறங்கும்போது மட்டும் நடக்கலாம். முழங்கால் வலி உள்ள அம்மா, அப்பாவை அழைத்துப் போகிறவர்கள் இரண்டு வழியும் வண்டியிலேயே போங்கள்: ஏற்றத்தில் வண்டி, குகைகளைச் சுற்றிய பிறகு மீண்டும் வண்டி.

வழியெங்கும் ஓரத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு புதர் அடர்ந்திருக்கும். தண்டு சொரசொரப்பு, இலை பெரிது. மராத்தியில் கார்வி. நம் நீலகிரிக் குறிஞ்சியும் இதுவும் ஒரே பேரினம். அங்கே 12 ஆண்டுக்கு ஒருமுறை என்றால், இங்கே ஏறக்குறைய எட்டு ஆண்டுக்கு ஒருமுறை காடு முழுக்க ஊதா நிறத்தில் பூக்கும். 2016-இல் அப்படிப் பூத்தது. காட்டுக்குள் வாழும் வார்லி பழங்குடி மக்கள் இதன் குச்சிகளைக் கட்டி, மண் பூசிச் சுவர் எழுப்புவார்கள். சாலையோரம் வெள்ளரி, இலந்தை, களாக்காய், மாங்காய் விற்கும் பெண்களில் பலர் அந்தக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களிடம் வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள். அவர்கள் வீடு இருக்கும் பாடாக்களுக்குள் கேமராவைத் தூக்கிக்கொண்டு நுழைவது அநாகரிகம்.

இங்கே போகிறோம் என்றதும் வீட்டில் முதலில் வரும் கேள்வி சிறுத்தை. இந்தக் காட்டிலும் அதைச் சுற்றியும் சுமார் 50 சிறுத்தைகள் இருப்பதாகக் கணக்கெடுப்புகள் சொல்கின்றன. பகலில் சாலையில் போகிறவர்கள் கண்ணில் அவை படுவது அபூர்வம். மனிதக் குரல் கேட்டாலே விலகிவிடும். 2004-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கே தாக்குதல்கள் கூடின. வேறு இடங்களில் பிடித்த சிறுத்தைகளைக் கொண்டுவந்து இந்தக் காட்டில் விட்டதை அதற்கு ஒரு முக்கியக் காரணமாக ஆய்வாளர்கள் பின்னர் எடுத்துக்காட்டினார்கள். வார்லிகள் சிறுத்தையைத் தலைமுறைகளாக வாக்தேவன் என்று கும்பிட்டு, அதன் பக்கத்திலேயே வாழ்கிறார்கள். நாம் கடைப்பிடிக்க வேண்டியவை சிலதான். பிள்ளைகள் கூட்டத்தின் நடுவில் நடக்கட்டும், முன்னால் ஓட விடாதீர்கள். ஒதுங்க வேண்டுமானால் கழிப்பறை இருக்கும் இடத்தில் மட்டும். புதர் ஓரம் தனியாகக் குந்துவது ஆபத்து, குனிந்த உருவம் சிறுத்தைக்கு இரைபோலத் தெரியும். எதிரே கண்டுவிட்டால் ஓடாதீர்கள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்து நின்று, முகம் பார்த்தபடியே மெல்லப் பின்வாங்குங்கள். மிச்சச் சோற்றைக் கொட்டாதீர்கள். சோற்றுக்கு நாய் வரும், நாயைத் தேடிச் சிறுத்தை வரும்.

சாலையை விட்டுக் கிளைப்பாதையில் இறங்கவே கூடாது. தேசியப் பூங்காவுக்குள் அனுமதியில்லாத இடத்தில் நுழைவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். காட்டுக்குள்ளேயே நடக்க ஆசை இருந்தால், பூங்காவின் இயற்கைத் தகவல் மையத்தில் முன்பதிவு செய்து, வழிகாட்டியோடு ஷிலோண்டா பாதையில் போகலாம். முதல் முறைக்குக் கன்ஹேரியே போதும்.

கன்ஹேரியில் நூற்றுக்கு மேல் குகைகள். கி.பி. முதல் நூற்றாண்டை ஒட்டித் தொடங்கி, ஆயிரம் ஆண்டு பௌத்தத் துறவிகள் குடைந்து வாழ்ந்த மலை அது. எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால் எதுவும் மனதில் நிற்காது. மூன்றாம் குகையில் தொடங்குங்கள். தூண்கள் வரிசையாக நிற்கும் பெரிய வழிபாட்டுக் கூடம், அதன் முன்மண்டபத்தில் இருபுறமும் நிற்கும் பிரம்மாண்டமான புத்தர்கள். சாதவாகன அரசர் யக்ஞ ஸ்ரீ சாதகர்ணியின் காலக் கல்வெட்டு இங்கே உண்டு. கல்யாணிலிருந்தும் சோபாராவிலிருந்தும் வந்த வணிகர்கள் கொடையளித்ததை இந்த மலையின் கல்வெட்டுகள் சொல்கின்றன. நாம் தினமும் ரயில் அறிவிப்பில் கேட்கும் அதே ஊர்கள். பிறகு பதினோராம் குகை, துறவிகள் கூடிய நீண்ட மண்டபம். கால் ஒத்துழைத்தால் தொண்ணூறாம் குகை வரை ஏறுங்கள். 1009-இலும் 1021-இலும் இங்கே வந்த பார்சிகள் பஹ்லவி எழுத்தில் பொறித்த கல்வெட்டுகள் அங்கே உள்ளன.

சிலைகளைவிட என்னை அதிகம் நிறுத்தியது தண்ணீர் ஏற்பாடு. குகை வாசல்களின் ஓரமாகப் பாறையில் வெட்டிய சிறு கால்வாய்களைப் பாருங்கள். மழைநீர் அவற்றில் வழிந்து, வாசலை ஒட்டிய கல்தொட்டிக்குள் இறங்கும். மழை இல்லாத எட்டு மாதத்துக்கும் அதுதான் குடிநீர். குடிநீருக்காகக் குடத்தோடு வரிசையில் நின்ற நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைக் காட்டி விளக்குங்கள், உடனே புரிந்துகொள்வார்கள். தொட்டி ஓரங்கள் வழுக்கும், ஆழமும் தெரியாது, கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மேலே ஏறி, காட்டின் விளிம்பில் கட்டடங்கள் நெருங்கி நிற்பதைப் பார்த்துவிட்டு, மூன்று மணிக்குள் இறங்கத் தொடங்குங்கள். ஐந்துக்கு முன் வாசலைக் கடந்துவிட வேண்டும். காட்டின் மாலை நேரம் விலங்குகளுக்கு உரியது. மாலை ரயிலும் நம் பக்கம் நெரிசல் இல்லாமல் வரும்.

இவ்வளவு தூரம் பிள்ளைகள் நடப்பார்களா என்ற சந்தேகம் இருந்தால், வீட்டுப் பக்கத்திலேயே ஒரு ஒத்திகை பாருங்கள். தாராவி பஸ் டிப்போவுக்கு எதிரே, மித்திக் கரையில் மகாராஷ்டிரா இயற்கைப் பூங்கா இருக்கிறது. 37 ஏக்கர். ஊரின் குப்பையைக் கொட்டிய மேட்டில் 1980-களில் மரம் நட்டு, 1994-இல் மக்களுக்குத் திறந்தார்கள். தாராவியின் 90 அடி சாலையிலேயே பிறந்து வளர்ந்தும் அதன் வாசலை மிதிக்காதவர்கள் இன்னும் நிறையப் பேர். வரும் வாரத்தில் ஒரு காலை பிள்ளைகளை அங்கே நடக்கவிட்டுப் பாருங்கள். சலிக்காமல் நடந்தால், அடுத்த சனிக்கிழமையே போரிவலிக்கு வண்டி ஏற்றுங்கள்.