கனவுக் கல்லூரியா, உதவித்தொகையா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்!

மார்ச் மாசம் வந்தாலே இறுதியாண்டு வகுப்புகளில் ஒரே பேச்சுதான்: "உனக்கு எத்தனை அட்மிட்?" அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க விண்ணப்பித்துவிட்டு, கையில் ரெண்டு கடிதத்தை வச்சுக்கிட்டு தூக்கம் வராம புரளுறவங்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதல் கடிதம், நீங்க ரெண்டாம் வருஷத்திலிருந்தே கனவு கண்ட பல்கலைக்கழகம். இடம் உண்டு, ஆனா உதவித்தொகை ஒரு பைசா கிடையாது. இரண்டாவது, நம்ம சொந்தக்காரங்க யாரும் பேரே கேள்விப்பட்டிருக்காத பல்கலைக்கழகம். ஆனா கல்விக் கட்டண விலக்கு உண்டு, மாதாமாதம் சம்பளத்தோட அசிஸ்டண்ட்ஷிப்பும் உண்டு. எதை எடுப்பது? நாம பொறியாளர்கள். முதலில் கணக்கு, அப்புறம் மனசு.

1. கடன் எவ்வளவுன்னு பார்க்காதீங்க, தவணை எவ்வளவுன்னு பாருங்க

கனவுக் கல்லூரிக்கு 40 லட்சம் கடன், வட்டி 11 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் 2 வருடமும், அதன்பின் 6 மாதமும் தவணை கட்ட வேண்டாம். ஆனா வட்டி தூங்காது. கணக்கு எளிதாக இருக்க, மொத்தப் பணத்தையும் முதல் நாளே வாங்கியதாக எடுத்துக்கொண்டால், 2.5 வருடத்துக்குத் தனிவட்டி மட்டும் 11 லட்சம். அதாவது தவணை தொடங்கும் நாளில் கடன் 51 லட்சம்.

இதை 10 வருடத்தில் அடைக்க மாதத் தவணை சுமார் 70,250 ரூபாய். மொத்தம் கட்டுவது 84 லட்சத்துக்கும் மேல்.

இரண்டாவது கல்லூரிக்கு விமான டிக்கெட், விசா, சம்பளம் போதாத செலவுகள் என 10 லட்சம் கடன் போதும் என்று வைத்துக்கொள்வோம். அதே கணக்கில் தவணை சுமார் 17,550 ரூபாய். மொத்தம் 21 லட்சம்.

கடன் தொகையில் வித்தியாசம் 30 லட்சம். ஆனா நீங்க கட்டப்போகும் பணத்தில் வித்தியாசம் 63 லட்சம். உங்க வட்டி விகிதத்தைப் போட்டு இதே கணக்கை ஒரு எக்செல் தாளில் நீங்களே போட்டுப் பாருங்க.

2. ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி எங்கே?

"டாலரில் சம்பளம் வந்தா ரெண்டே வருஷத்துல அடைச்சிடலாம் மச்சான்" என்று சீனியர்கள் சொல்வார்கள். வேலை கிடைத்தால் அது உண்மைதான். ஆனா ஒரு உத்தரத்தை சராசரி பளுவுக்கா டிசைன் பண்றோம்? மோசமான பளு வந்தாலும் தாங்கணும் இல்லையா?

எஃப்-1 விசாவில் படித்து முடித்த பின் ஓபிடி மூலம் 12 மாதம் வேலை செய்யலாம். ஸ்டெம் படிப்புகளுக்குக் கூடுதலாக 24 மாதம். அதன்பின் எச்-1பி வேண்டும். அதற்கு ஆண்டு வரம்பு 65,000 இடங்கள், அமெரிக்காவில் முதுகலை முடித்தவர்களுக்கு மேலும் 20,000. விண்ணப்பங்கள் வரம்பைத் தாண்டினால் தேர்வு நடக்கும், திறமை இருந்தும் பெயர் வராமல் போகலாம்.

ஆகவே இந்தச் சோதனையைச் செய்யுங்க: நாளைக்கே ஊர் திரும்பி, சென்னையிலோ கோவையிலோ வேலை பார்த்தால், தவணை உங்க சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்குமா? 17,550 ரூபாய்க்கு மாதம் 53,000 போல் சம்பளம் வேண்டும். 70,250 ரூபாய்க்கு 2.1 லட்சம் வேண்டும்.

இன்னொன்று. கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் பொதுவாகப் பொதுத்துறை வங்கிகள் அடமானம் கேட்கும். பெரும்பாலான வீடுகளில் அடமானம் என்றால் வீட்டுப் பத்திரம்தான். கடன் விண்ணப்பத்தில் உங்க கையெழுத்துக்குப் பக்கத்தில் அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போடுவார்கள். நீங்க தவணை கட்டலைன்னா வங்கி அவங்க வீட்டுக் கதவைத்தான் தட்டும்.

3. அப்போ, பேருக்கு மதிப்பே இல்லையா?

இருக்கு. ஆனா யாருக்கு, எவ்வளவு என்பதுதான் கேள்வி. பொருளாதார அறிஞர்கள் ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் இருவரும் 2002இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். 1976இல் அமெரிக்காவில் இளங்கலை சேர்ந்தவர்களைப் பற்றியது அது. பெரிய கல்லூரியில் இடம் கிடைத்தும் வேறு கல்லூரிக்குப் போனவர்கள், பெரிய கல்லூரியிலேயே படித்தவர்களுக்கு ஏறக்குறைய இணையாகத்தான் பின்னாளில் சம்பாதித்தார்கள். ஆனா ஒரு விதிவிலக்கு: வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பெரிய கல்லூரி உண்மையிலேயே கைகொடுத்தது.

இது எம்.எஸ். பற்றிய ஆய்வு அல்ல, அப்படியே நமக்குப் பொருந்தாது. ஆனா அந்த விதிவிலக்கு யோசிக்க வைக்குது. சிபாரிசு செய்ய ஆள் இல்லாத முதல் தலைமுறைப் பட்டதாரிக்குத்தான் கல்லூரிப் பேர் அதிகம் தேவை. கடன் கழுத்தை நெரிப்பதும் அதே குடும்பத்தைத்தான். அதனால "பேரு முக்கியமில்ல" என்று யாராவது சுலபமாகச் சொன்னால் நம்பாதீங்க.

பேரை உடைத்துப் பாருங்க. உங்க துறைக்கு அங்கே எந்த நிறுவனங்கள் ஆள் எடுக்க வருகின்றன? நீங்க விரும்பும் ஆராய்ச்சிக்கூடத்தில் எம்.எஸ். மாணவர்களைச் சேர்க்கிறார்களா? போன ரெண்டு பேட்ச் எங்கே வேலை பார்க்கிறார்கள்? லிங்க்ட்இன்னில் ஒரு மாலை உட்கார்ந்தால் ரெண்டு கல்லூரிக்கும் பதில் கிடைச்சிடும். பல சமயம் வித்தியாசம் நினைத்ததைவிடக் குறைவாக இருக்கும். சில சமயம் நிஜமாகவே பெரிதாக இருக்கும்.

4. உதவித்தொகைக் கடிதத்தை வரிவரியாகப் படிங்க

இலவசம் என்றதும் மயங்கிடக் கூடாது. இவற்றைக் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் எழுத்தாக வாங்குங்க:

• உதவி முதல் ஆண்டுக்கு மட்டுமா, படிப்பு முடியும் வரையா?
• எவ்வளவு ஜிபிஏ குறைந்தால் ரத்தாகும்?
• மருத்துவக் காப்பீடும் மற்ற கட்டணங்களும் விலக்கில் அடங்குமா?
• ஒரு பேராசிரியரின் ஆராய்ச்சி நிதியிலிருந்து சம்பளம் என்றால், அந்த நிதி முடிந்தால் என்ன ஏற்பாடு?

வாரம் 20 மணி நேரம் வரை வேலை இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். வீட்டுப்பாடம் திருத்திவிட்டு, அப்புறம்தான் உங்க வீட்டுப்பாடம்!

5. கூச்சப்படாம கேளுங்க

கனவுக் கல்லூரியின் துறைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்க. "உங்கள் துறையில் சேரவே விரும்புகிறேன். வேறொரு பல்கலைக்கழகம் இந்த உதவியைத் தந்திருக்கிறது. இங்கே அசிஸ்டண்ட்ஷிப்புக்கு வாய்ப்பு உண்டா?" என்று மூணே வரி போதும். இல்லை என்று சொல்லலாம், ஆனா கேட்டதற்காக இடத்தைப் பறிக்க மாட்டார்கள்.

பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஒரு பொது உடன்பாட்டில் கையெழுத்திட்டுள்ளன. அதன்படி நிதி உதவிக் கடிதத்துக்குப் பதில் சொல்ல ஏப்ரல் 15 வரை அவகாசம் உண்டு. உங்க பல்கலைக்கழகம் அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கடைசி நாள் வரை அந்த நேரத்தைப் பயன்படுத்துங்க.

கணக்கு ரெண்டு பக்கமும் இடிச்சா, மூணாவது வழியும் உண்டு. கேட் எழுதி எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணமே இல்லை.

முடிவாக…

மூன்றில் ஒரு பங்கு சோதனையில் கனவுக் கல்லூரி தேறினால், தயங்காம போங்க. தேறவில்லை, லிங்க்ட்இன் தேடலிலும் பெரிய வித்தியாசம் இல்லை என்றால், உதவித்தொகை தரும் கல்லூரியைத் தலைநிமிர்ந்து தேர்ந்தெடுங்க. தேறவில்லை, ஆனா வித்தியாசம் நிஜமாகவே பெரிது என்றால், அந்த முடிவை நீங்க தனியா எடுக்காதீங்க. எக்செல் தாளை அச்செடுத்து, அப்பா அம்மாவோட உட்கார்ந்து, ஒவ்வொரு வரியையும் தமிழில் விளக்கிச் சொல்லுங்க. "நீ ஆசைப்பட்டதைப் படிப்பா, மத்ததை நாங்க பாத்துக்கிறோம்" என்றுதான் அவங்க சொல்வாங்க. அந்த "மத்தது" எத்தனை லட்சம், எத்தனை வருஷம் என்று தெரிந்துகொண்டு அவங்க சொல்லட்டும்.